பதினான்காவது வரி

அந்த அறிவிப்பை நான் வீம்புக்கு எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதியில் மழைமேலும் ஏரிமேலும் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

எழுத்தை வாசிக்கத் தோதாக ஒழுங்கு செய்வதுதான் என் பிழைப்பு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். செயலியில் எதை எங்கே தட்ட வேண்டும், தட்டியும் வேலை செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கங்கள். அவற்றை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. அவசரத்தில், எரிச்சலில், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். அதனால் பத்தி சின்னதாக இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும், தலைப்பைப் பார்த்தாலே விஷயம் புரிய வேண்டும். படிப்பவர் செய்ய வேண்டிய காரியம் முதல் வரியில் இருக்க வேண்டும். இன்ஜினியர்கள் ஒரே மூச்சில் எழுதித் தருவதை நான் வெட்டி, பிரித்து, எண் போட்டு வைப்பேன். "இது பக்கமா, சாக்கு மூட்டையா?" என்று ஒருவரிடம் கேட்டு, அந்தப் புகார் மேலிடம் வரை போயிருக்கிறது.

இந்தப் பெருமையை நம்பித்தான் ஊரப்பாக்கத்தில் எங்கள் நகர் நலச் சங்கம் தன் இணையப் பக்கத்தை என் தலையில் கட்டியது. பக்கத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டால் அது அப்படியே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழும். என் முதல் அறிவிப்பு இரண்டே வரி. "நாளை காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வைக்கவும்." வேலையிடத்தில் இதற்கு எனக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். இங்கே மறுநாள் காலை சங்கச் செயலாளர் வாசலில் நின்றார்.

செயலாளர் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் காலனி நிற்கும் இடத்தில் பாதி ஒரு காலத்தில் அவர்களுடைய வயல். இப்போது ஜிஎஸ்டி ரோட்டில் வரிசையாகக் கடைகள் வைத்திருக்கிறார். ஓடி ஓடி வேலை செய்கிற மனிதர்தான். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் ஆளே வேறு.

"இன்னா மேடம், நோட்டீஸ் போட்டுகீறீங்க, தலைவர் பேரையே காணோம்?"

"தண்ணி வராதுன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் தலைவர் பேரு?"

"நல்லா கேட்டீங்க போங்க. கல்யாணப் பத்திரிகைல பெரியப்பா பேரு இல்லாம போடுவாங்களா? அவரு மனசு கஷ்டப்படுவார்ல?"

அன்றிலிருந்து ஒவ்வோர் அறிவிப்பும் பெயர்களில்தான் தொடங்கியது. தலைவர், துணைத் தலைவர்கள் இருவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள். வரிசை மாறக் கூடாது. ஒருமுறை பொருளாளர் பெயர் ஆலோசகருக்குக் கீழே போய்விட்டது. அவர் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெயர்களை ஒரே வரியில் நெருக்கிப் போட்டு, அடுத்த வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவேன். அப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, இரண்டாவது துணைத் தலைவரின் பெயரை விட்டுவிட்டேன். மறந்துதான் விட்டேன். கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அவர் எழுந்து, "படிச்சவங்களுக்கு மரியாதை தெரியலன்னா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. உங்களுக்குப் பெயர்தானே வேண்டும்? அடுத்த தடவை பெயராகவே போடுகிறேன், வயிறு நிறையட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த அடுத்த தடவை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. காலை ஏழு மணிக்குச் செயலாளர் போன் செய்தார். மூச்சு வாங்கப் பேசினார்.

"மேடம், ஏரி தளும்பிக்கினு கீது. மதியத்துக்குள்ள கலங்கல் தாண்டித் தண்ணி வழிஞ்சிடும். வழிஞ்சா தரைப்பாலம் முழுகிடும், ரெண்டு மூணு நாளைக்கு யாரும் வெளிய போக முடியாது. தலைவரு ஒரு டிராக்டர் புடிச்சிக்கீறாரு. பதினோரு மணிக்கு வாட்டர் டேங்க் கிட்ட நிக்கும். உடம்பு சரியில்லாதவங்க, வயசானவங்க, புள்ளத்தாச்சிங்க, எல்லாரையும் ஏத்தி ஜிஎஸ்டி ரோட்டுல வுட்டுடுவோம். ஒரே ட்ரிப்பு. அதுக்கப்புறம் கிடையாது. உடனே போடுங்க. தலைவர் பேரு மறந்துடப் போறீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நானும் அதைக் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கினேன். உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட நகர்வாழ் பெருமக்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். நம் நகரின் வளர்ச்சிக்காக அல்லும் பகலும் அயராது உழைத்துவரும் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களின் மேலான வழிகாட்டுதலிலும், பண்பாளரும் கொடையாளருமாகிய துணைத் தலைவர்கள் அவர்களின் பேராதரவிலும்..."

இப்படியே போனது. ஒவ்வொருவருக்கும் பட்டம், பெயர், வீட்டு எண்கூடப் போட்டேன். பத்தி பிரிக்கவில்லை. ஒரு வரி இடைவெளி விடவில்லை. பதினொரு மணி, டிராக்டர், வாட்டர் டேங்க் என்பதெல்லாம் பதினான்காவது வரியில் வந்தன. போனில் எண்ணிப் பார்த்தேன், அதனால்தான் கணக்கு தெரியும். வாட்ஸ்அப்பில் பெயர்களின் நடுவிலேயே அறிவிப்பு வெட்டுப்பட்டு, கீழே "மேலும் படிக்க" என்று நின்றது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அப்படியே விட்டேன்.

ஐந்து நிமிடத்துக்குள் கட்டைவிரல்களும் கும்பிடும் கைகளும் குவிந்தன. செயலாளர் மறுபடி கூப்பிட்டு, "சூப்பர் மேடம். இப்பதான் நோட்டீஸ் நோட்டீஸ் மாதிரி கீது" என்றார். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நானும் நிம்மதியாக அலுவலக வேலையைத் திறந்தேன். அன்று வீட்டிலிருந்தே வேலை. எங்கோ வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர் தன் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான பக்கத்தை நான்கு எண்ணிட்ட படிகளாகப் பிரித்து, முதல் படியைத் தடித்த எழுத்தில் போட்டு, மூன்று மணி நேரம் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து முப்பத்தைந்துக்கு மின்சாரம் போனது. வீட்டு வைஃபையும் போனது. எழுந்து பால்கனிக்கு வந்தேன். இரண்டாவது மாடி. கீழே எங்கள் மேல்தெருவில் கணுக்கால் தண்ணீர். வாட்டர் டேங்க் பக்கம் டிராக்டர் வந்து நின்றிருந்தது. பின்னால் கோர்த்த பெட்டியில் ஏழெட்டுப் பேர் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கட்டிடத்துப் பெரியவர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், காலில் கட்டுப் போட்ட ஒருவர். நான் கண்ணால் தேடியது கீழ்த்தெரு அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும். காணவில்லை.

அக்கா பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். காலையில் ஜிஎஸ்டி ரோடு வரை ஷேர் ஆட்டோவில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் போவோம். வண்டி குலுங்கினால் என் லேப்டாப் பையை அவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஆட்டோ ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாம்பரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். திங்கட்கிழமை போய் வந்தாயிற்று. அடுத்தது புதன். போன வருடம் ஒரே ஒரு தடவை அது ஒரு நாள் தள்ளிப்போய், முகம் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே அவர் மூச்சுக்குத் தவித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது ஒரு நாள். இப்போது இரண்டு மூன்று நாள் பாலம் மூடிக்கிடக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். அதே. ஒருவேளை வந்துகொண்டிருப்பார்கள் என்று தெருமுனையைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன்.

கீழ்த்தெரு உண்மையிலேயே கீழே இருக்கிறது. திரும்பியதும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. காலால் தரையைத் தடவித் தடவித்தான் நடக்க முடிந்தது. அக்கா வீட்டு வாசற்படி மூழ்கிவிட்டிருந்தது. உள்ளே அவர் அரிசி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல்.

"இன்னாமா, இந்தத் தண்ணில வந்துகினு கீற? பாம்பு கீம்பு கீதுமா."

"அக்கா, டிராக்டருக்கு ஏன் வரல?"

"எந்த டிராக்டரு?"

"பதினோரு மணிக்கு டிராக்டர் கிளம்புது அக்கா. காலைல குரூப்புல போட்டிருந்தேனே. அதுக்கப்புறம் பாலம் முழுகிடும். நாளைக்கு அண்ணன் தாம்பரம் போக முடியாது."

அக்கா கையிலிருந்த டப்பாவை அப்படியே வைத்தார். "இந்தத் தெருவுல காலைலயே கரண்டு போயிடுச்சு, போன ஆஃப் பண்ணி வச்சேன்மா, சார்ஜு நிக்கட்டும்னு" என்றார். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். மாத்திரை, ஒரு மாற்றுத் துணி. அண்ணன் காலைக் கீழே தொங்கப்போட்டு எழுந்திருக்கப் பார்த்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்தவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்த வேகத்தில் இவர் வாட்டர் டேங்க் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணி பத்து ஐம்பத்தாறு.

செயலாளருக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடி பிஸி. நான்கு தடவை. ஏன் பிஸி என்று பிறகு தெரிந்தது. "ஏதோ டிராக்டர்னு சொல்றாங்களே, எத்தன மணிக்கு, எங்க?" என்று ஊரே அவரை வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அறிவிப்பில் இருந்ததைத்தான் கேட்டார்கள். யாரும் அந்தப் பதினான்காவது வரிவரை போகவில்லை.

அப்போது டேங்க் பக்கமிருந்து டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சங்கக் குழுவைத் திறந்தேன். ஈரத்தில் திரை விரலுக்குக் கட்டுப்படவில்லை. என் உடம்பில் உலர்ந்த துணி எதுவும் இல்லை. கட்டிலில் இருந்த தலையணை உறையில் போனைத் துடைத்தேன். விரல் முதலில் "வணக்கம்" என்று அடித்தது. இரண்டு வருடப் பழக்கம். அழித்தேன்.

"டிராக்டரை நிறுத்துங்கள்.

கீழ்த்தெருவில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார். நடக்க முடியவில்லை.

தூக்க ஆள் வேண்டும்."

அனுப்பிவிட்டு நின்றேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. டிராக்டர் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பாலத்தின் பக்கம்தான் போகிறது. அதுவரை எனக்கு அப்படிப் பயந்த அனுபவம் இல்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் அது என்னால், என் வீம்பால் என்று ஒவ்வொரு நொடியும் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "பரவால்லமா, வுடு" என்றார். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

சத்தம் நின்றது. தூரத்தினால் நின்றதா, வண்டியே நின்றுவிட்டதா என்று புரியவில்லை. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தபடி நின்றோம்.

சில நிமிடங்கள் கழித்துத் தெருமுனையில் செயலாளர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடை வரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். பின்னால் இன்னொருவர். கைக்குழந்தையோடு இருந்த பெண் வண்டியில் என் செய்தியைப் பார்த்துச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறாள். டிரைவர் நிற்க மாட்டேன் என்றாராம், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, சிக்கிக்கொள்வோம் என்று. செயலாளர் இறங்கி, பொருளாளரை வண்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

"ஏறுப்பா முதுகுல" என்று அண்ணனுக்கு முன்னால் குனிந்தார்.

"வேணாங்க. நான் நடந்துக்கிறேங்க."

"ஏறுன்றேன்ல!"

அண்ணன் ஏறினார். ஏறியும் கையை அவர் தோளில் வைக்கக் கூச்சப்பட்டு, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காதான் இரண்டு கைகளையும் எடுத்து அவர் கழுத்தைச் சுற்றி வைத்தார். செயலாளரைக் கீழ்த்தெருவுக்குள் நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

வழியெல்லாம் அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "இப்டி ஒரு ஆளு கீறார்னு காலைலயே நோட்டீஸ்ல தெளிவா போட வேணாமா? பதினோரு மணி, டேங்க் கிட்ட வாங்கன்னு நறுக்குன்னு?"

"போட்டிருந்தேன் சார். பதினாலாவது வரில இருக்கு. நீங்க படிக்கலையா?"

அவர் நின்று, முதுகில் இருந்தவரை ஒருதரம் ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரு கரெக்டா வந்துச்சான்னு பாத்தேன் மேடம். வந்துச்சு. அதோட வுட்டுட்டேன்."

கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்கு மூச்சு இரைத்தது. மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டேன். அவரைப் பெயர் வரியோடு நிறுத்தியது நான்தான், வேண்டுமென்றேதான் நிறுத்தினேன்.

பாலத்தருகே போனபோது கைப்பிடிக் கல்லின் அடிவரை தண்ணீர் வந்திருந்தது. அண்ணனைத் தூக்கிப் பெட்டியில் போட்டார்கள். அக்கா ஏறினார். ஃபைல் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கியது. நடுப்பாலத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது எல்லாரும் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தக் கரையில் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குப் பாலம் கண்ணுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, ஈரத்துணியோடு உட்கார்ந்து அந்த அறிவிப்பை அழித்தேன். அழித்ததால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் அழித்தேன். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியும்வரை சாப்பிடத் தோன்றவில்லை. இரண்டு மணிக்குத் தாம்பரத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டபிறகுதான் அழுதேன்.

புதன்கிழமை டயாலிசிஸ் நடந்தது. தண்ணீர் வெள்ளிக்கிழமைதான் வடிந்தது. வெள்ளி காலை அக்கா போன் செய்தார். அண்ணனுக்குப் பரவாயில்லை, இன்று இன்னொரு முறை முடித்துக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவோம், வீட்டில் சேறு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். பிறகு மூன்று நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். போனை அணைப்பதற்கு முன்னால் அந்த அறிவிப்பு அவர் கண்ணில் படவே இல்லையா?

"பாத்தனேம்மா. ஆஃப் பண்றதுக்கு மின்னாடிதான் வந்துச்சு."

"பாத்தீங்களா? நான்தான் அக்கா அதைக் கன்னாபின்னான்னு எழுதிட்டேன். நீளமா, படிக்க முடியாத மாதிரி. என் தப்புதான்."

"அய்ய, நீளத்துக்கு இன்னா? எனக்குப் படிக்கத் தெரியாதா? அது இல்லமா. உங்க நோட்டீஸுல எங்களுக்கு எப்பமே ஒண்ணும் இருக்காதே. மேல பேரப் பாத்தேன். பெரியவங்க விசயம்னு வுட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னார். நான் போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பைத் திறந்து, சங்கப் பக்கத்தைக் கடைசிவரை கீழே தள்ளிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு அறிவிப்புகள். மேல்தெரு விளக்கு, மேல்தெரு பூங்கா, மேல்தெரு சாலை, பொங்கல் விழா, நன்றி, வாழ்த்து. கீழ்த்தெரு என்ற சொல்லைத் தேடினேன். எங்குமே இல்லை. அத்தனையும் எழுதியது நான். பலவற்றைப் பத்தி பிரித்து, இடைவெளி விட்டு, நன்றாகவே எழுதியிருந்தேன்.

"லைன்ல கீறியாமா?" என்றார் அக்கா.

"இருக்கேன் அக்கா" என்றேன். அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டேன்.